சோடியத்துக்குக் கீழே

துருப்பிடிக்காத ஊரில் துரு ஆய்வாளராக இருப்பதைப் போலச் சுகமான உத்தியோகம் உலகத்தில் கிடையாது. ஆறு வருடங்களாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சங்குத்தீவில் உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும். அப்படியும் ஜன்னல் கம்பி, சைக்கிள் சக்கரம், மீன் சந்தைத் தராசு எல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். மாதம் ஒருமுறை அக்கரைக்குப் போகும் பாலத்துக்கு அடியில் படகில் போய், கடலுக்குள் தொங்கும் சோதனைத் தகடுகளை எடுத்து, துடைத்து, எடை போட்டு, ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவேன். அவ்வளவுதான் வேலை.

அன்று மட்டும் கொஞ்சம் பரபரப்பு. தீவையும் பாலத்தையும் துருவிலிருந்து காக்கிற, கண்ணுக்குத் தெரியாத புலத்தை மாலை மூன்று மணிக்கு இரண்டு நாளைக்கு அணைக்க வேண்டும். பாலத்தின் தீவுப்பக்க முனையில் இருந்து அதை உண்டாக்கும் பெரிய மெஷினுக்கு ஆறு வருடத்தில் முதல் பராமரிப்பு. எங்கள் தலைமைப் பொறியாளர் சிவசைலம் சார் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார்.

“ஏம்மா கிளாடிஸ், மூணு மணின்னா மூணு மணிதான். மெட்ராஸ்ல இருந்து ஆட்கள் வந்து உக்காந்திருக்காவ. நம்ம மெஷின் நல்லா அணைஞ்சு, நல்லா எரியுதுன்னு காட்டிட்டா கடற்கரை முழுக்க வச்சிரலாம். கேட்டியா?”

கேட்டேன். மனிதர் குரலில் கல்யாண வீட்டுக் களை இருந்தது. இந்தப் பாலம் அவருடைய கனவு, மெஷின் அவருடைய மூளை. கொஞ்சம் முரட்டுக் குணம் என்றாலும் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு இன்னொரு போன் வந்தது. தீவு ஆஸ்பத்திரி டாக்டர் நூருன்னிசா. என் மகள் பியூலாவை நாலு வருடம் முன்பு இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவர் அவர்தான். அதிகம் பேசமாட்டார்.

“கிளாடிஸ், ஆஸ்பத்திரிக்கு வாங்க. போன்ல வேணாம். இப்பவே.”

போனபோது வராந்தா பெஞ்சில் ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். அவள் மடியில் அவளுடைய ஐந்து வயது மகள் ரிஃபா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லையே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் கதவைச் சாத்தினார். “ரிஃபாவை மாமன் கல்யாணத்துக்கு அக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, பாலம் இறங்கினதும் முதல் ஊர். நேத்து ராத்திரி தங்கல். காலையில புள்ள நீலம் பூத்துக் கிடந்திருக்கு. ஆட்டோவுல போட்டு ஓட்டியாந்திருக்காங்க. இங்க வந்து சேர்ந்தப்போ நாடித்துடிப்பு நாப்பது. அரை மணி நேரத்துல தொண்ணூறு. நான் ஒரு மருந்தும் குடுக்கலை.”

“வெயில்ல மயக்கமா இருக்கும்.”

“அப்படித்தான் நானும் மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன்.” ஒரு நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். “இங்க பொறந்த புள்ளைங்க அக்கரைக்குப் போனா வாந்தி, மயக்கம், தூக்கம். வயசு ஏற ஏற ஜாஸ்தியாகுது. போன வருஷம் ஒரு பையன் அங்கயே போய்ச் சேர்ந்துட்டான். காய்ச்சல்னு எழுதினாங்க. காய்ச்சலே இல்லைன்னு அவங்கம்மா என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் காதுல போட்டுக்கலை.”

 தீவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ‘அக்கரை நம்ம புள்ளைகளுக்கு ஒத்துக்காது’ என்பார்கள். போகும்போது கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவார்கள். வந்ததும் கண்ணேறு கழிப்பார்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பியூலாவை இரண்டு வயதில் ஒருமுறை கூட்டிப்போனேன். பஸ்ஸில் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். அன்றைக்கே திரும்பினோம். பொறியியல் படித்த நானும் எலுமிச்சம்பழத்தைத்தான் முகரக் கொடுத்தேன்.

“பாலத்தோட அக்கரை முனையில, அந்தச் சுங்கச்சாவடியத் தாண்டினதும்தான் புள்ளைங்க துவளுது. அங்க என்ன முடியுது கிளாடிஸ்? உங்க மெஷின் சமாச்சாரம்தானே? அது என்ன செய்யும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, தனிம அட்டவணையை அரைகுறையாக வரைந்தேன்.

“இது இடது ஓரம். லித்தியம், சோடியம், பொட்டாசியம்னு மேலிருந்து கீழ வரும். கீழ போகப் போக கோபம் ஜாஸ்தி. லித்தியத்தைத் தண்ணியில போட்டா மெதுவா சீறும். சோடியம் ஓடி ஓடிச் சீறும். பொட்டாசியம் போட்ட உடனே தீப்பிடிக்கும். வெளிச்சுத்துல இருக்கற எலக்ட்ரானை அவ்வளவு லேசா விட்டுரும்.”

“எல்லா உலோகமும் அப்படித்தானா?”

“இல்லைங்க, அதுதான் எங்க அதிர்ஷ்டம். நடுவுல பாருங்க. செம்பு, அதுக்குக் கீழ வெள்ளி, அதுக்கும் கீழ தங்கம். இங்க கீழ போகப் போக சாது. இரும்புக்குக் கீழ ருத்தீனியம்னு ஒண்ணு. அது துருவே பிடிக்காது. எங்க மெஷின் இரும்போட குணத்தை அதுக்குக் கீழ இருக்கற படியை நோக்கிக் கொஞ்சம் தள்ளிவிடும். முழுப் படி இல்லை, ஒரு சின்னப் பங்கு. துரு நிக்கறதுக்கு அது போதும். சாவடி வரைக்கும் முழுசா இருக்கும், அதுக்கப்புறம் தூரம் போகப் போகத் தேயும்.”

“இரும்பை மட்டும்தானே தள்ளும்?”

“எல்லாத்தையும்தான். அதுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.”

டாக்டரின் விரல் ஏற்கெனவே இடது ஓரத்தில் இருந்தது. “அப்ப சோடியத்தை எதை நோக்கித் தள்ளும்?”

“பொட்டாசியத்தை நோக்கி,” என்றேன். 

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரு பம்ப் இருக்கு. சோடியத்தை வெளிய தள்ளும், பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். அந்த ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசத்துலதான் இதயம் துடிக்குது. வித்தியாசம் கொறைஞ்சா பம்ப் தடுமாறும்.”

“ஆனா நமக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஆச்சு. மெஷின் போட்ட புதுசுல பத்து நாள் யாராலயும் எழுந்திரிக்க முடியலை. தீவுச் சோம்பல்னு சிரிச்சோம். நம்ம உடம்பு பழைய பழக்கத்தை வச்சுக்கிட்டு இதையும் கத்துக்கிச்சு, வெளிய போனா திரும்பவும் மாத்திக்கும். வயித்துலயே இந்தப் புலத்துக்குள்ள உருவான புள்ளைக்கு மாத்திக்கப் பழசுன்னு ஒண்ணு இல்லை. அதோட பம்ப்பே இதுக்குத் தோதா கட்டினது. வெளிய போனா அது தாறுமாறா ஓடுது.” பிறகு கேட்டார்: “இதை நீங்க யாருமே சோதிக்கலையா?”

சோதித்தோம். நான்தான் சோதித்தேன். மெஷின் ஓடத் தொடங்கிய இரண்டாம் வருடச் சோதனைக்கு, பியூலாவை ஏழு மாதம் சுமந்துகொண்டு படகில் போய் பதினான்கு உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டு எடுத்தேன். இரும்பு, செம்பு, துத்தநாகம், நிக்கல் என்று கட்டுமானத்தில் வரும் எல்லாம். ‘புலம் பாதுகாப்பானது’ என்ற சான்றிதழில் முதல் கையெழுத்து என்னுடையது. துருத் தொழிலில் இருப்பவர்களுக்கு உப்பு என்றால் எதிரி. இரும்பைத் தின்ன வருகிற எதிரி. அந்த உப்புக்குள் இருப்பதும் ஓர் உலோகம்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எங்களுக்கு உறைக்கவில்லை.

“மூணு மணிக்கு அணைக்கப் போறாங்க டாக்டர்,” என்றேன்.

தீவில் பிறந்த பிள்ளைகள் அறுபத்தொரு பேர். நோட்டில் பெயரோடு இருந்தது. முப்பத்தெட்டாவது பெயர் பியூலா.

அணைக்க வேண்டாம் என்று போனில் சொன்னதும் சிவசைலம் சார் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். “வெயில்ல நாலு புள்ளைக மயங்கி விழுந்ததுக்கா மெட்ராஸ்காரங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுதே? ஆறு வருஷம்மா. ஒரு எலி சாகலை. நீயே கையெழுத்துப் போட்டிருக்கே.”

“போட்டது தப்பு சார். நான் தகட்டைத்தான் பார்த்தேன், புள்ளைகளைப் பார்க்கலை.”

“ஆதாரம் வேணும். டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை வச்சுக்கிட்டு நான் இங்க என்னத்தைச் சொல்ல?”

மணி ஒன்றரை. என் தலைக்குள் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.  அதைச் சொன்னேன்.

“ரெண்டு ரெண்டா கொறைங்க சார். நூறுல இருந்து தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தாறு. ஒரு புள்ளைக்கு மானிட்டர் மாட்டிட்டு நான் போன்லயே இருக்கேன். ஒண்ணும் ஆகலைன்னா நானே வந்து அணைக்கிறேன்.”

“எந்தப் புள்ளைக்கு மாட்டப்போறே?”

“என் புள்ளைக்கு.”

“சரி, மாட்டிட்டுச் சொல்லு,” என்றார் சார்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் ஒத்துக்கமாட்டேன். இது ஆஸ்பத்திரி.”

“மூணு மணிக்கு அவர் ஒரேயடியா அணைச்சா என்ன செய்வீங்க?”

அவர் என் கையை விட்டார். ஆயாவைக் கூப்பிட்டு, நோட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பி, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் பால்வாடிக்கு ஓடினேன்.

பியூலா தூக்கக் கலக்கத்தில் வந்தாள். மார்பில் ஒட்டும் பட்டைகளைப் பார்த்ததும் ஸ்டிக்கர் என்று குஷியாகிவிட்டாள். “எனக்கு மட்டுமா ம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெற்ற தாய் செய்யக்கூடாத காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கை மட்டும் நிற்காமல் பட்டைகளை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

துடிப்பு நூற்றாறு.

“தொண்ணூத்தெட்டு,” என்றார் சார் போனில்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு எண்கள் இறங்கின. நூறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்து நாலு. பியூலா கொட்டாவி விட்டாள். டாக்டர் ஆக்ஸிஜன் குழாயைக் கையில் எடுத்தார். அங்கேயே நின்ற எண், மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. நாலு நிமிடத்தில் நூற்றொன்று.

“பார்த்தியா, சரியாப்போச்சு! தொண்ணூத்தாறு வைக்கேன்.”

இம்முறை எழுபது. கோடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஏறவில்லை. பியூலா என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. “சார், கொஞ்சம் பொறுங்க” என்று நான் சொல்வதற்குள், போனில் அவர் பக்கத்தில் யாரோ அவசரப்படுத்தும் குரல் கேட்டது. “தொண்ணூத்து நாலு,” என்றார்.

ஐம்பத்திரண்டு. அப்புறம் மானிட்டரில் ஒரு நீண்ட நேர்கோடு. என் மகளின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

“ஏத்துங்க! சார், ஏத்துங்க! நூறுக்கு ஏத்துங்க!”

நான் கத்தியது பாலம் வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும். டாக்டர் என்னை முழங்கையால் தள்ளிவிட்டு மார்பை அழுத்தத் தொடங்கினார். எத்தனை அழுத்து என்று எண்ணினேனா, ஜெபித்தேனா, தெரியாது. ஒரு துடிப்பு வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு கோடு மேலும் கீழுமாக ஓடத் தொடங்கியது. பியூலா இருமிக்கொண்டே அழுதாள். பிறந்தபோது அவள் அழுததைக்கூட நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

போன் கட்டிலில் கிடந்தது. அதிலிருந்து சாரின் குரல் மெலிதாக வந்துகொண்டே இருந்தது. “புள்ளைக்கு என்னாச்சு? ஏம்மா, புள்ளைக்கு என்னாச்சு?”

மூன்று மணிக்கு மெஷின் அணையவில்லை. மூன்றே காலுக்கு சிவசைலம் சாரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. பியூலாவின் கட்டிலருகே நின்று அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரின் அறையில் வந்து உட்கார்ந்தார்.

“மெஷினுக்கு மாத்துக் கம்பிச்சுருள் ஒண்ணு இருக்கு. அணைக்காமயே ஒண்ணை மாத்தி ஒண்ணு பழுது பார்த்துக்கலாம். ஆயுசுக்கும் அணைக்க வேண்டாம். யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம், சொன்னா பயந்து ஊரே ஓடும்.”

“புள்ளைங்க ஆயுசுக்கும் சுங்கச்சாவடி தாண்டக் கூடாதா சார்?” என்றேன்.

“ஏன் தாண்டக் கூடாது? அடுத்த வருஷம் கடற்கரை முழுக்கப் புலம் வந்திரும். அதுக்கடுத்து மதுரை. எல்லாத்தையும் உள்ள கொண்டாந்துட்டா வெளின்னு ஒண்ணு இருக்காதே, அப்புறம் எவன் மயங்கப் போறான்?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மெஷின் போகிற ஊரில் எல்லாம் இனிப் பிறக்கும் பிள்ளைகள் அதை நம்பி மூச்சு விடுவார்கள். ஒரு நாள் மின்சாரம் போனால் போதும்.

டாக்டர் மானிட்டரின் காகிதச் சுருளை மேசையில் விரித்தார். “இங்க பாருங்க. ரெண்டு கொறைச்சப்போ விழுந்துச்சு, தானாவே ஏறிடுச்சு. உடம்பு கத்துக்கப் பார்க்குது. மாசத்துக்கு ஒண்ணு கொறைங்க. நான் கூட இருந்து பார்த்துக்கறேன். எட்டு வருஷம் நாலு மாசத்துல இந்தப் புள்ளைங்க எந்த ஊருக்கும் போகலாம்.”

“பாலம்?” என்றார் சார்.

எனக்குப் புரிந்தது. டாக்டருக்காக நான் விளக்கினேன். கடலில் இரும்புப் பாலம் கட்டினால், துரு தின்பதற்கென்றே சில மில்லிமீட்டர் கனத்தைக் கூடுதலாக வைப்பார்கள். இது துருப்பிடிக்காது என்ற தைரியத்தில் அந்தக் கனத்தை வைக்கவே இல்லை. புலம் குறையக் குறையத் துரு தொடங்கும். வண்ணம் அடித்தாலும் நாலு வருடத்துக்கு மேல் தாங்காது.

“மூடணும்,” என்றார் சார். “நான் கட்டினதை நானே மூடணும். நீயும் நானும் ஜெயிலுக்குப் போகணும். கையெழுத்து ரெண்டு பேருது.”

“முதல் கையெழுத்து என்னோடது சார்.”

எழுந்து வராந்தாவுக்குப் போனேன். யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன். அறுபது பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களுமாக வராந்தா நிரம்பி வாசலிலும் நின்றார்கள். ஏன் வரச்சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சொன்னேன். உப்பு, மெஷின், பம்ப், பாலம், கையெழுத்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். போன வருடம் செத்த பையனின் அம்மா கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது.

அருளப்பன் என்கிற மீனவர்தான் முதலில் கேட்டார். “மெஷின் இருந்தா புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, இருந்துட்டுப் போகட்டுமே? பாலத்தை மூடிட்டா நாளைக்கு எம்மக வளந்து காலேஜுக்கு எப்படிப் போவா?”

“பாலம் இருந்தாலும் அவளால போக முடியாதுங்கண்ணே.”

 யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒரு செருப்பு வந்து சுவரில் பட்டது. நான் நகரவில்லை. பிறகு பேச்சு எழுந்தது, சண்டை எழுந்தது, அழுகை எழுந்தது. ஐந்து மணி தாண்டியபோது படகு என்ற வார்த்தை அடிக்கடி கேட்கத் தொடங்கியது. பாலத்துக்கு முன்னால் எல்லாரும் படகில் போனவர்கள்தான்.

சிவசைலம் சார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கி ஜீப்பில் ஏறினார். கால்மணி நேரத்தில் பாலத்திலிருந்து போன் வந்தது.

“நூறுல ஒண்ணு கொறைக்கேன்மா. புள்ளைகளைப் புடிச்சுக்கச் சொல்லு.”

எல்லாரும் அவரவர் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நான் பியூலாவைத் தூக்கிவந்து தூணருகே உட்கார்ந்தேன். அப்போது ஜெய்னம்பு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். 

“உம் புள்ளைய இங்க குடு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் குனிந்து பியூலாவை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். ரிஃபாவை என் மடியில் உட்கார வைத்தாள்.

“ஒண்ணொண்ணு கொறைக்கும்போதும் எங்கள்ல ஒருத்தி புள்ள உன் மடியில இருக்கணும். உன்னுது எங்க மடியில இருக்கும். எட்டு வருஷம் ஆனாலும் சரி.”

“சரிக்கா,” என்றேன். என்னைவிட அவள் இளையவள்தான்.

சார் குறைத்தார். என் கைக்கடியில் ரிஃபாவின் நெஞ்சு வேகம் குறைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இடம் காலியாகக் கிடந்தது. எதிரே ஜெய்னம்பு என் மகளின் மார்பில் உள்ளங்கையை வைத்து, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரிஃபாவின் அடுத்த துடிப்பு என் விரலில் பட்டதும் நான் தலையசைத்தேன். அதற்கு அப்புறம்தான் அவள் தலையசைத்தாள்.